விருப்புரிமை பற்றிய ஹார்ட்டின் ஹார்வர்டு கட்டுரை: கைவிடப்பட்ட பாதையா?

ஆக்ஸ்ஃபர்டின் சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1956–57 கல்வியாண்டை ஹார்வர்டு சட்டப் பள்ளியில் வருகைதரு அறிஞராகக் கழித்தார். அந்த வருகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1957 ஏப்ரலில் அவர் ஆற்றிய ஹோம்ஸ் சொற்பொழிவையும் அதற்கு லான் ஃபுல்லர் எழுதிய மறுப்பையும் தாண்டுவதில்லை. விருந்தினர் மேடையேறினார், அழைத்தவர்களில் ஒருவர் மறுத்தார், 1958இல் இரண்டும் அச்சேறின என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அது பாதிக் கதை என்பது என் துணிபு.

மறுபாதி 1956 நவம்பரைச் சேர்ந்தது. அப்பள்ளியின் சட்டத் தத்துவ விவாதக் குழு அவ்வாண்டு விருப்புரிமையை, அதாவது விதி விடை தராத இடத்தில் தேர்ந்து முடிவெடுப்பதை, பேசுபொருளாகக் கொண்டிருந்தது. அப்பள்ளிப் பேராசிரியர்களான ஹென்றி ஹார்ட்டும் ஃபுல்லரும் அக்குழுவில் இருந்தனர். வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே எச்.எல்.ஏ. ஹார்ட் அதற்கென ஒரு கட்டுரை எழுதி முன்வைத்தார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. ஆய்வாளர் ஜெஃப்ரி ஷா அதைக் கண்டெடுத்த பின், 2013இல் ஹார்வர்டு சட்ட ஆய்விதழின் 127ஆம் தொகுதியில் வெளிவந்தது.

வெளிவந்ததுமே ஒரு விளக்கம் பரவியது. நியாயங்களால் கட்டுண்ட முடிவெடுப்பே விருப்புரிமை என்று ஹார்ட் இங்கே சொல்வது அழைத்தவர்களின் மரபுக்கு இசைந்து பேசியது; ஆக்ஸ்ஃபர்டு திரும்பியதும் அதைக் கைவிட்டார்; 1961இல் வந்த ‘சட்டம் என்னும் கருத்து’ நூலில் எஞ்சியது, விதி ஓயும் இடத்தில் நீதிபதி தாமே தேர்ந்து சட்டம் படைக்கிறார் என்பது மட்டுமே. இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

மூலத்தைப் பார்ப்போம். விருப்புரிமையை ஹார்ட் இரண்டு எல்லைகளுக்கு நடுவே வைக்கிறார். ஒரு பக்கம் அந்தந்த நேரத்து மனம்போன போக்கு. மறுபக்கம் பொருத்திப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் விதி. இடைப்பட்ட வெளியில் நடக்கும் தேர்வுக்கு ஒரு பக்குவமும் ஆலோசனையும் தேவை என்கிறார். உதாரணத்துக்கு நீதிமன்றத்தை அல்ல, வீட்டில் விருந்துக்கு ஏற்பாடு செய்யும் ஓர் இளம் இல்லத்தரசியைக் காட்டுகிறார். அவள் செய்வது சரியா என்று சொல்ல விதிப்புத்தகம் கிடையாது. ஆயினும் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்ல அவளிடம் காரணம் இருக்கும், இருந்தாக வேண்டும். பிறகு கட்டுரையின் மிக நேர்மையான இடம் வருகிறது: ஒரு கட்டத்துக்கு மேல் நெறிகள் வழிகாட்டா, அதே சிந்தனை ஒழுக்கத்துக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டவர்கள் நம் முடிவை உறுதிசெய்கிறார்களா என்று கேட்பது மட்டுமே மிஞ்சும். அழைத்தவரை மகிழ்விக்க எண்ணியவர் இந்த வரம்பைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இனி 1961 நூல். அதன் ஏழாம் அத்தியாயம் விதியின் திறந்த தன்மைக்கு இரண்டு காரணம் சொல்கிறது: வருங்கால நிகழ்வுகளை நாம் முழுதாக அறியாமை, நம் நோக்கமே முழுதாக உறுதிப்படாமை. இரண்டும் நவம்பர் கட்டுரையில் ஏற்கெனவே உள்ளன. மற்றொரு பகுதிதான் பலர் கண்ணுக்குத் தப்பியது. நீதிபதியிடம் எதிர்பார்க்கும் பண்புகளை நூல் ஒன்பதாம் அத்தியாயத்தில் பேசுகிறது: மாற்று வழிகளை நடுநிலையோடு எடைபோடுதல், பாதிக்கப்படுவோர் அனைவரின் நலனையும் கருதுதல், ஏற்கத்தக்க ஒரு பொதுநெறியை முடிவுக்குக் காரணமாகக் காட்ட முனைதல். நவம்பர் கட்டுரை விவரித்த பக்குவம் இதுவே. பாதை கைவிடப்படவில்லை, சட்டத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய அத்தியாயத்துக்கு இடம் மாறியிருக்கிறது. ஹார்ட்டின் விருப்புரிமைக் கருத்தின் மீது சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவொர்க்கின் 1967இல் தொடுத்த தாக்குதல் முதல் இன்றுவரை, நூலில் விருப்புரிமையைத் தேடுவோர் பெரும்பாலும் ஏழாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்பதாம் அத்தியாயப் பகுதியை எழுதும்போது ஹார்ட் பழைய தாளைக் கையில் வைத்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கருத்தின் தொடர்ச்சி மட்டுமே என் கூற்று. அதற்கு இந்த ஒப்புமை போதும்.

கட்டுரையை அவரே வெளியிடவில்லையே என்பது ஒரு மறுப்பு. வெளியிடாததெல்லாம் கைவிட்டதாகாது. விருந்தினரின் பணிவு என்பது இன்னொன்று. அடுத்த ஐந்தே மாதத்தில் அதே வளாகத்தில் நின்று, உள்ள சட்டம் வேறு, இருக்க வேண்டிய சட்டம் வேறு என்று ஃபுல்லரின் முன்னிலையில் வாதிட்டவர் அவர். நவம்பரில் மட்டும் அவருக்குத் துணிவு குன்றியது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை.

அழைத்தவர்களின் பங்கு விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஹென்றி ஹார்ட்டும் ஆல்பர்ட் சாக்ஸும் அக்காலத்தில் உருவாக்கிவந்த ‘சட்டச் செயல்முறை’ பாடத் தொகுப்பு, எந்த நிறுவனம் எதை முடிவுசெய்யத் தகுந்தது என்று கேட்டது. அந்தக் கேள்வியைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் வந்தவரிடமும் கொடுத்தார்கள். சொந்தச் சரக்கை மேடையில் இறக்கிவிட்டுப் போகச் சொல்வது எளிது; ஏப்ரல் சொற்பொழிவு அவ்வகை. தாங்கள் இன்னும் தீர்க்காத சிக்கலில் வெளியாள் ஒருவரை இறக்குவது அரிது. விருப்புரிமையைப் பற்றி ஹார்ட் தனியே எழுதிய இந்த ஒரே கட்டுரையை அந்த அரிய ஏற்பாடுதான் பெற்றுத் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சட்டப் பள்ளிகள் வருகைதரு அறிஞர்களின் பொதுச் சொற்பொழிவுகளை ஒலிப்பதிவாகவும் நூலாகவும் காக்கின்றன. விவாதக் குழுவில் சுற்றுக்கு விட்ட தாள்களைக் காப்பதில் அந்த அக்கறை இல்லை. ஹார்ட்டின் தாள் ஆய்வாளர் கைக்கு வர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆனது. ‘சட்டச் செயல்முறை’ தொகுப்பே 1958இல் தற்காலிகப் பதிப்பாகப் படியெடுக்கப்பட்டு, 1994இல்தான் நூலானது. வருகைதரு அறிஞர்களை வரவேற்கும் ஒவ்வொரு பள்ளியும் தன் விவாதக் குழுக்களின் தாள்களையும் நாளிட்டு, பெயரிட்டு நூலகத்தில் சேர்க்க வேண்டும்.