ஊழியமும் ஒப்பந்தமும்: அமெரிக்கக் கிறித்தவ ஹார்ட்கோர் குழுக்களின் வழித்தடம், 1993–2009

ஜே ஹோவர்ட், ஜான் ஸ்ட்ரெக் இருவரும் 1999இல் வெளியிட்ட ‘அப்பாசல்ஸ் ஆஃப் ராக்’ நூலை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிறித்தவ ராக் இசையைப் பற்றி எழுதுவது கடினம். நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் ஹார்ட்கோர் குழுக்களைப் பொறுத்தவரை அந்நூலின் அளவுகோல் பிழையானது என்பதே என் வாதம்.

அவர்கள் முறை இது. இறையியலாளர் ரிச்சர்ட் நீபர் 1951இல் கிறிஸ்துவுக்கும் பண்பாட்டுக்குமான உறவை ஐந்து வகையாகப் பிரித்தார். அதைத் தழுவி இவர்கள் கிறித்தவ இசைக்கலைஞர்களை மூன்று வகையாக்கினர். உலகத்தைவிட்டுப் பிரிந்துநிற்போர் முதல் வகை. இவர்களுக்கு இசை என்பது ஊழியம். உலகத்தோடு இணைந்துபோவோர் இரண்டாம் வகை; இவர்கள் தருவது பழுதற்ற பொழுதுபோக்கு. மூன்றாம் வகையினர் உருமாற்றுவோர். இவர்களுக்கு இசை கலையே, வேறு நியாயம் அதற்குத் தேவையில்லை. வகைப்பாட்டில் குழப்பமில்லை, வகுப்பில் பாடம் நடத்த வசதியாகவும் இருக்கிறது. அந்த வசதிதான் எனக்கு ஐயத்தைத் தந்தது.

இதே நூல் ஹோவர்ட் பெக்கரின் ‘கலையுலகம்’ என்ற கருத்தையும் துணைக்கு அழைக்கிறது. கலைஞன் தனியாகக் கலையைப் படைப்பதில்லை. கருவி செய்பவர், அச்சிடுபவர், விற்பவர், அரங்கைத் திறந்துவிடுபவர் எல்லாரும் சேர்ந்தே படைக்கிறார்கள் என்பது பெக்கர் சொன்னது. இவ்வளவு நல்ல விருந்தாளியை அழைத்தவர்கள் அவரைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்த பேச்செல்லாம் நீபரோடுதான். சந்தை பற்றி நூலில் பக்கங்கள் இல்லாமலில்லை. ஆனால் அது கலைஞனின் நோக்கத்தை வெளியிலிருந்து அழுத்தும் சக்தியாக மட்டுமே வருகிறது. நோக்கத்தையே உருவாக்கும் இடமாக அதை அவர்கள் பார்க்கவில்லை.

ஒரு குழுவை வைத்துச் சோதிக்கலாம். கலிஃபோர்னியாவின் ‘நோ இன்னசென்ட் விக்டிம்’ வெளிப்படையாக விசுவாசம் பேசிய ஹார்ட்கோர் குழு. அதன் டிரம்ஸ் கலைஞர் ஜேசன் டன் 1997இல் ஃபேஸ்டவுன் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்றுவரை கிறித்தவ ஹார்ட்கோருக்கு முகவரியாக இருக்கிறது. ஆனால் 1999இல் அக்குழுவின் இசைத்தட்டை வெளியிட்டது மதத்தோடு தொடர்பே இல்லாத விக்டரி ரெக்கார்ட்ஸ். மேடைப் பேச்சைக் கேட்டால் முதல் வகை. கடை அடுக்கைப் பார்த்தால் இரண்டாம் வகை. வகைகள் நடைமுறையில் கலக்கத்தான் செய்யும் என்று ஆசிரியர்கள் சார்பில் விடை சொல்லலாம். கலப்பது விதிவிலக்காக இருந்தால் அந்த விடை போதும். ஹார்ட்கோரில் கலப்பே விதி.

ஏன் அப்படி என்பதற்கு விடை சாலையில் இருக்கிறது. ஹார்ட்கோர் கேட்பவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள். 1984இல் வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைத்தது. இசைக்குழுக்கள் வழக்கமாக வாசிக்கும் மதுக்கூடங்களின் வாசல் பதினாறு வயதுப் பையனுக்கு அத்தோடு இன்னும் இறுகிப்போனது. அவனும் வரக்கூடிய இடம் எது? முன்னாள் படைவீரர் சங்கக் கூடம், யாராவது ஒருவர் வீட்டு நிலவறை, தேவாலயத்தின் இளைஞர் கூடம். இவற்றில் வாடகை கேட்காததும், ஒலிபெருக்கி வைத்திருந்ததும், பெற்றோர் தயங்காமல் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகத் துணிந்ததும் பெரும்பாலும் மூன்றாவது இடம்தான். கிறித்தவ ஹார்ட்கோரின் தோற்றத்தை இறையியலில் தேடுபவர்கள் இந்தக் கூடத்தின் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்பதில்லை.

அந்தக் கூடத்தில் பணம் எப்படிக் கைமாறியது என்பதையும் பார்க்க வேண்டும். மதுக்கூடத்தில் குழுவுக்கு முன்பேசிய தொகையோ நுழைவுக் கட்டணத்தில் பங்கோ கிடைக்கும். தேவாலயத்தில் பல இரவுகளில் கிடைத்தது காணிக்கை. தட்டு சுற்றிவரும், விழுந்தது விழுந்தபடி. காணிக்கை வாங்குகிறவர் பாட்டுக்கு நடுவே நாலு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். பதிலுக்கு இரவு படுக்க ஒரு விசுவாசியின் வீட்டுத் தரையும் காலையில் சாப்பாடும் உண்டு. பதினைந்து இருக்கை ஃபோர்டு வேன், பின்னால் கருவிகளை ஏற்றிய இழுவைப் பெட்டி, ஐந்தாறு பேர், தினமும் நூற்றுக்கணக்கான மைல். விடுதி அறைக்குக் கொடுக்காத பணம் அப்படியே அடுத்த ஊருக்கான பெட்ரோல்.

நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால் இந்த வாழ்க்கை மாறிவிடும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நிறுவனம் தரும் முன்பணம் உண்மையில் கடன். ஒலிப்பதிவுச் செலவும் அதில் சேரும். விற்பனையில் குழுவுக்கு வரவேண்டிய பங்கிலிருந்து அது கழியும்வரை இசைத்தட்டால் கைக்கு ஒரு டாலர் வராது. அன்றாடம் கையில் வந்தது வாசலருகே போட்ட மடக்கு மேசையில் விற்ற டி-சர்ட் பணம். அளவு வாரியாக அடுக்கிய சட்டைகள், சில்லறை போட்ட ஒரு தகரப் பெட்டி, விலை எழுதிய அட்டை, பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் தாள். வாசித்து முடித்த வியர்வை காயுமுன் பாடகர் அங்கே வந்து நிற்பார். ஜெபிக்கச் சொல்லி வரும் பிள்ளையும் சட்டை வாங்க வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இந்த வரிசையில் ஊழியம் எது, வியாபாரம் எது என்று பிரித்துக்காட்ட ஹோவர்ட், ஸ்ட்ரெக் வகைப்பாட்டில் வழியில்லை.

நிறுவனங்களின் வரலாறு தெரிந்ததுதான், சுருக்கமாகக் கடக்கிறேன். பிராண்டன் ஈபல் 1993இல் தென் கலிஃபோர்னியாவில் டூத் அண்ட் நெயிலைத் தொடங்கிப் பிறகு சியாட்டிலுக்குக் கொண்டுபோனார். 1997இல் கனத்த இசைக்கென்று சாலிட் ஸ்டேட் என்ற கிளை வந்தது. அதன் முதல் வெளியீடு ஆர்கன்சாவின் லிவிங் சாக்ரிஃபைஸ் குழுவின் ‘ரீபார்ன்’. ஆண்டுக்கொருமுறை இந்த உலகம் முழுவதும் இலினாய் மாநிலத்தின் புஷ்னெல் என்ற சிற்றூரில் கார்னர்ஸ்டோன் விழாவுக்குக் கூடியது. 1984இல் வேறிடத்தில் தொடங்கிய அந்த விழா 2012 வரை நடந்தது. கிறித்தவப் புத்தகக் கடைகளில் ஓர் அட்டவணை தொங்கும்: உலகக் குழு இன்னது பிடித்தால் அதற்கு மாற்றாக இன்ன கிறித்தவக் குழுவைக் கேள். பத்தியக்காரருக்குச் சர்க்கரைக்குப் பதில் வேறொன்று தருவது போன்ற ஏற்பாடு. கடைக்காரருக்கு வேண்டியிருந்தது அட்டவணையில் வைக்க ஒரு கட்டம். ‘கிறித்தவக் குழு’ என்ற சொல் அந்தக் கட்டத்தின் பெயர் என்றே நான் கொள்கிறேன்.

இதற்கு என் முதன்மைச் சான்று ஓர் இசைத்தட்டின் தலைப்பு. மேற்கு வர்ஜீனியாவில் 1993இல் தோன்றிய குழு ஸாவோ. கிரேக்கத்தில் ‘வாழ்கிறேன்’ என்று பொருள். 1998 இசைத்தட்டு வரும்போது பழையவர்களில் டிரம்ஸ் கலைஞர் ஒருவரே எஞ்சியிருந்தார். பாடகரும் கிட்டார்க்காரர்களும் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. ஒப்பந்தமும் முன்பதிவுகளும் அந்தப் பெயரில் இருந்தன. 1999இல், அதாவது ஹோவர்ட், ஸ்ட்ரெக் நூல் வந்த அதே ஆண்டில், ‘லிபெராதே தே எக்ஸ் இன்ஃபெரிஸ்’ வெளிவந்தது.

தலைப்பு லத்தீன், ‘நரகத்திலிருந்து உன்னைக் காப்பாற்றிக்கொள்’ என்று கொள்வது வழக்கம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அப்படியில்லை. ‘லிபெராதே’ பன்மை ஏவல்: ‘விடுவியுங்கள்’. ‘தே’ ஒருமை: ‘உன்னை’. ஆக, ‘நீங்கள் உன்னை விடுவியுங்கள்’. ஒருமைக்கு ‘லிபெரா தே’ என்றிருக்க வேண்டும். நம் இலக்கணத்தில் இது எண் வழு. அமைதி சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

மூலம் 1997இல் வந்த ‘ஈவென்ட் ஹொரைசன்’ என்ற திகில் படம். விண்கலத்தில் பதிவான குரலை முதலில் ‘லிபெராதே மே’, ‘என்னைக் காப்பாற்று’ என்று கேட்கிறார்கள். பிறகுதான் அது ‘லிபெராதே தூதெமே எக்ஸ் இன்ஃபெரிஸ்’ என்று தெரிகிறது. உதவி கேட்ட குரல் எச்சரிக்கையாக மாறுகிறது. இங்கே வினை ஏற்கெனவே வழுவானது. ‘தூதெமே’யும் லத்தீன் இலக்கணத்தில் செயப்படுபொருளாக நிற்கும் வடிவமன்று, ‘தேமெத்’ என்பதே எதிர்பார்க்கத்தக்கது. இசைத்தட்டில் வினை படத்தில் உள்ளபடியே இருக்கிறது. பெயர்ச்சொல் மட்டும் ‘தே’ என்ற சரியான வடிவம் பெற்றிருக்கிறது. வினை காதால் வந்தது, ‘தே’ ஏட்டைப் பார்த்து வந்தது என்பது என் ஊகம். வெறும் சுருக்கம் என்று சொல்வோரை மறுக்க என்னிடம் ஆவணச் சான்றில்லை. ஆனால் சுருக்குபவர் தற்செயலாகச் சரியான வேற்றுமை வடிவத்தில் போய் நின்றார் என்பதைவிட, யாரோ திருத்தினார்கள் என்பது நம்பத்தக்கது.

திருத்தியவர் பொருளையும் அறிந்தே வைத்தார் என்று கொண்டால் சிக்கல் பெரிதாகிறது. மனிதன் தன்னைத் தானே இரட்சித்துக்கொள்ள முடியாது, கிருபையால்தான் இரட்சிப்பு என்பது சுவிசேஷ சபைகளின் அடிப்படை. அப்போஸ்தலர் நடபடிகள் 2:40ஐக் காட்டி மறுக்கலாம். ஆங்கில ஜேம்ஸ் மன்னர் வேதாகமம் அங்கே தன்வினையாகவே மொழிபெயர்க்கிறது, நம் பழைய தமிழ் வேதாகமமும் ‘கொள்’ என்ற துணைவினையைச் சேர்க்கிறது. ஆனால் கிரேக்க மூலத்தில் அது செயப்பாட்டு வினை. லத்தீன் வுல்கேட்டிலும் அப்படியே, அதுவும் வேறு வினைச்சொல். தலைப்பின் வழி வேதாகமம் அன்று, திரையரங்கு. உள்ளே பாடல்கள் தாந்தேயின் நரக வட்டங்களில் முதல் ஐந்தின் பெயரால் பகுக்கப்பட்டிருக்கின்றன. ஆறாம் வட்டம் வேதப்புரட்டருக்கு உரியது. குழு அதற்கு முன்பே நின்றுவிட்டது. இதில் பொருள் தேட எனக்கும் ஆசைதான், அடக்கிக்கொள்கிறேன்.

இந்தத் தலைப்பு மூன்று வகையில் எதில் சேரும்? புத்தகக் கடைக்காரருக்கு அதில் ‘நரகத்திலிருந்து மீட்பு’ தெரியும். மெட்டல் கேட்கும் பையனுக்குப் படம் தெரியும். இரண்டு கதவுக்கும் ஒரே சாவி. நோக்கத்தை வைத்து அளந்தால் இது முரண்பாடு. தேவாலயக் கூடத்தில் ஒரு நாளும் மதுக்கூடத்தில் மறுநாளும் வாசித்த குழுவின் தலைப்பாகப் பார்த்தால் இயல்பானது.

‘நாங்கள் கிறித்தவக் குழு அல்ல, குழுவில் இருக்கும் கிறித்தவர்கள்’ என்ற வாசகம் எப்போது தோன்றியது என்று ஆண்டு குறிக்க இயலவில்லை; தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கும் 2000க்கும் இடையே என்று மட்டும் வைக்கலாம். அது பரவிய விதம் தெளிவானது. ஃபுளோரிடாவின் அண்டர்ஓத் குழுவின் ‘டிஃபைன் தி கிரேட் லைன்’ 2006இல் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. முதல் வாரத்தில் ஏறத்தாழ 98,000 பிரதிகள் விற்றன. அந்த உயரத்தில் காணிக்கைத் தட்டுக்கு வேலையில்லை. 2018இல் வேறு நிறுவனத்தில் இசைத்தட்டு வெளியிட்டபோது, தாங்கள் இனிக் கிறித்தவக் குழு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

ஆஸ் ஐ லே டையிங் குழுவின் பாடகர் டிம் லாம்பெசிஸ் 2014இல் சொன்னதை எல்லாரும் எடுத்தாள்கிறார்கள்: பன்னிரண்டு ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் தங்களோடு வந்த கிறித்தவக் குழுக்களில் பத்தில் ஒன்றுதான் உண்மையில் அப்படிப்பட்டது என்றார். சிறைத்தண்டனை பெற்ற நேரத்தில், தன் பெயர் கெட்டுப்போன நிலையில் சொன்ன கணக்கு அது. எண்ணிக்கையை நான் நம்பவில்லை. ஆனால் அவர் எதை எண்ணினார் என்பது கவனிக்கத்தக்கது. பெயர் ஒன்று, நம்பிக்கை வேறொன்று. பெயரைத் தாங்கிநின்றது வழித்தடம்.

ஒப்பிட ஒரு சான்று வேறு மதத்திலிருந்தே கிடைக்கிறது. நியூயார்க் ஹார்ட்கோர் பாடகர் ரே கேப்போ ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்து ஷெல்டர் குழுவை அமைத்து, ஈக்வல் விஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். கீதை படித்தவர்களுக்கு அப்பெயரில் சமதரிசனம் கேட்கும். அதே வேன், அதே கூடம், அதே மடக்கு மேசை. அந்நிறுவனமும் சில ஆண்டுகளில் எல்லாக் குழுக்களுக்கும் உரிய பொது நிறுவனமாகிவிட்டது. நீபரின் கிறிஸ்துவை வைத்து இதை விளக்க முடியாது. சாலையை வைத்து விளக்கலாம்.

கடைசியாக, தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஓர் இசைத்தட்டு. ஃபிலடெல்ஃபியாவின் மீவிதவுட்யூ குழு ஹார்ட்கோரிலிருந்து கிளைத்து, பின்னர் நாட்டார் இசைப் பக்கம் நகர்ந்தது. சமையல் எண்ணெயில் ஓடும் பேருந்தில் சுற்றியதால் பெயர் பெற்றது. பாடகர் ஆரன் வைஸின் பெற்றோர், இலங்கையிலிருந்து 1971இல் ஃபிலடெல்ஃபியா வந்து 1986இல் மறைந்த சூஃபி ஞானி பாவா முகையதீனின் வழியைப் பின்பற்றியவர்கள். பாவா பேசியது தமிழ். சீடர்கள் மொழிபெயர்த்துக் கேட்டார்கள். குழுவின் 2009 இசைத்தட்டுக்குத் தலைப்பே அவர் வாசகம். அதன் பத்தாம் பாட்டு ஒரு தென்னந்தோப்பு வண்டுகளின் ராஜாவைப் பற்றி அவர் சொன்ன கதை. பதினோராவதும் கடைசியுமான பாட்டின் தலைப்பு அல்லாவின் பெயர், மூன்று முறை. வெளியிட்டது டூத் அண்ட் நெயில்.