கை பிரேக் பழக்கம்: ஒரு சுருக்க வரலாறு

கை பிரேக் என்பது நிறுத்தி வைத்த வண்டி தானாக நகராமல் பிடித்து வைக்கும் அமைப்பாகும். இது ஹேண்ட் பிரேக் என்றும் பார்க்கிங் பிரேக் என்றும் அழைக்கப்படுகிறது. இன்று கார்கள் எல்லாவற்றிலும் இது இருந்தாலும், இறங்கும் ஒவ்வொரு முறையும் அதைப் போடுபவர்கள் எல்லோரும் அல்லர். மேட்டில் நிறுத்தினால் மட்டும் போடுவோர் உண்டு. கியரில் விட்டால் போதும் என்போரும் உண்டு. இதை ஓட்டுநரின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காரின் அமைப்பு மாற மாற, பழக்கமும் மாறியது என்பதே வரலாறு.

கையால் இயங்கிய முதல் பிரேக்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற காரில் பிரேக்கை இயக்கியது கை நெம்புகோல்தான். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரில் சென்றார். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதன் மேல் தோல் அடித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் கால் பிரேக் கியர்பெட்டியைப் பிடித்தது. கை நெம்புகோல் பின்சக்கரங்களைப் பிடித்தது. அதே நெம்புகோல் கிளட்சையும் விடுவித்தது. தொடக்க ஆண்டுகளில் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டியிருந்தது. நெம்புகோலை இழுத்து வைக்காமல் சுழற்றினால், கார் கிளப்பியவர் மீதே நகர்ந்து வரக்கூடும். ஆகவே அந்தக் காலத்து ஓட்டுநருக்குக் கை பிரேக் போடுவதைத் தனியாக நினைவூட்ட வேண்டிய தேவை குறைவு.

அவசர பிரேக் என்ற பெயர்

1921-இல் டூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக் வந்தது. பின்னர் இம்முறை பரவலானது. அப்போது நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். குழாயில் ஓரிடத்தில் கசிந்தாலும் கால் பிரேக் முழுவதும் போய்விடும். தனிக் கம்பியில் இயங்கிய கை பிரேக்கே அப்போது கைகொடுத்தது. அமெரிக்கர்கள் அதை எமர்ஜென்சி பிரேக் என்று அழைத்தனர். 1968 முதல் அங்கு புதிய கார்களுக்கு இரட்டைத் திரவச் சுற்று கட்டாயமானது. பெயர் நிலைத்தது; கை பிரேக்கின் அவசரப் பணி சுருங்கியது.

‘பார்க்’ நிலையும் மறைந்த பழக்கமும்

1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கி கியர் வந்தது. பிற்காலத் தானியங்கி கார்களில் ‘பார்க்’ என்ற நிலை சேர்ந்தது. இதைத் தேர்ந்தெடுத்தால் கியர்பெட்டிக்குள் ஒரு சிறிய உலோக நாக்கு, பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வண்டி நகராது. கை பிரேக் தேவையில்லை என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே வளர இதுவே காரணமாயிற்று. 1950-களின் கிரைஸ்லர் பொத்தான் கியர் கார்களில் ‘பார்க்’ இல்லாததால், அவற்றை நிறுத்தக் கை பிரேக்கையே நம்ப வேண்டியிருந்தது.

அந்த எண்ணத்தின் விலை 1970-களில் தெரியவந்தது. ‘பார்க்’ நிலையில் விட்டதாக நம்பப்பட்ட ஃபோர்டு வண்டிகள் பின்னோக்கி நகர்ந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதாகப் புகார்கள் குவிந்தன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தது. குறைபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. 1980-இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வண்டிகள் திரும்பப் பெறப்படவில்லை. அதற்குப் பதிலாக, சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஒட்டுத்தாள் அனுப்பப்பட்டது. ‘பார்க்’ நிலையில் வையுங்கள், பார்க்கிங் பிரேக்கை முழுமையாகப் போடுங்கள், இயந்திரத்தை அணையுங்கள் என்பதே அதன் சாரம். மறந்துபோன பழக்கத்தை ஒரு ஒட்டுத்தாள் மூலம் மீட்க முயன்றார்கள்.

2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் கியர் நெம்புகோல் ஒவ்வொரு முறையும் நடுவிடத்துக்கே திரும்பியதால், ‘பார்க்’ விழுந்ததா இல்லையா என்பது கைக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் நடிகர் ஆன்டன் யெல்சின், அவ்வகை ஜீப் ஒன்று தம் வீட்டுச் சரிவான பாதையில் உருண்டு வந்து நசுக்கியதில் இறந்தார். அவருக்கு வயது 27.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 126-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாத நிலையில், இயந்திரத்தை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ, வண்டி தற்செயலாக நகராதபடி செய்யாமல் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது. நம் லாரி ஓட்டுநர்கள் மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பதும் இவ்வகை முன்னெச்சரிக்கையே.

இன்றைய நிலை

2001-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ 7 வரிசை, மின்னணுப் பார்க்கிங் பிரேக் கொண்ட தொடக்ககாலக் கார்களில் ஒன்று. இவ்வகையில் நெம்புகோலின் இடத்தைப் பொத்தான் பிடித்தது. இயந்திரத்தை அணைத்ததும் பல கார்களில் பிரேக் தானே விழுகிறது. மனிதரின் பழக்கத்தை நம்ப வேண்டாம் என்று இயந்திரமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது எனலாம்.

நெம்புகோல் உள்ள கார்களில் வரிசை முக்கியம். முதலில் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே கை பிரேக்கை இழுக்க வேண்டும். அதன் பிறகே கியரில் விட வேண்டும். மேடு நோக்கி நின்றால் முதல் கியர், இறக்கம் நோக்கி நின்றால் ரிவர்ஸ், தானியங்கி என்றால் ‘பார்க்’. இப்படிச் செய்தால் வண்டியின் எடை பிரேக்கில் தங்கும்; கியர்பெட்டியின் நாக்கில் ஏறாது. கடுங்குளிர் நாடுகளில் ஈரம் உறைந்து கம்பி இறுகிவிடும் என்பதால் கை பிரேக்கைத் தவிர்ப்பது உண்டு. நம் ஊரில் அந்தக் காரணம் பெரும்பாலும் பொருந்தாது. இங்கே நீண்ட நாள் பயன்படுத்தாத கம்பி துருப்பிடித்துத் தேவையான நேரத்தில் பிடிக்காமல் போவதே பெரிய ஆபத்து.

கியரும் கை பிரேக்கும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. ஒன்று தவறினால் மற்றொன்று பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டும் வைக்கப்பட்டுள்ளன.