மூக்கு நீண்டால் வாலும் நீள வேண்டும்

விமான மாதிரிகள் செய்யும் மாணவர்களுக்கு அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. இரண்டு பெட்டிகளின் மேலும் ஃபோக்கெ-வுல்ஃப் 190 என்ற ஒரே பெயர்தான். ஆனால் ஒன்றில் விமானத்தின் மூக்கு குட்டையாக, உருண்டையாக இருக்கிறது; மற்றதில் நீண்டு ஒடுங்கியிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரியே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய இந்தப் போர் விமானத்தில் பல வகைகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய மனப்பாடம் தேவையில்லை. எஞ்சினைப் புரிந்துகொண்டால் போதும். இதை வடிவமைத்த கூர்ட் டாங்க் பின்னர் நம் நாட்டிலும் ஒரு விமானத்தை உருவாக்கியவர். எனவே இக்கதையில் நமக்கும் பங்கு உண்டு.

குட்டை மூக்கு

இவ்விமானம் முதன்முதலில் 1939 ஜூன் 1-ஆம் நாள் பறந்தது. இதன் 'ஏ' வகையில் பி.எம்.டபிள்யூ. 801 என்ற எஞ்சின் இருந்தது. அதன் 14 சிலிண்டர்கள் ஏழேழாக இரண்டு வளையங்களில் அமைந்தவை. அவற்றைக் குளிர்விப்பது காற்று. ஆகவே மூக்கு அகன்றும் குட்டையாகவும் அமைந்தது. காற்றை உள்ளே தள்ளுவதற்காகப் புரொப்பெல்லருக்குப் பின்னால் தனி விசிறி ஒன்றும் உண்டு.

'ஏ' வகைக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. ஏ-5-இல் எஞ்சினை 15 செ.மீ. முன்னே தள்ளினார்கள். 72-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் இது வெறும் 2 மி.மீ.தான்! ஏ-7 முதல் மூக்கின் மேலுள்ள இரு துப்பாக்கிகளும் 7.92 மி.மீ.-யிலிருந்து 13 மி.மீ. ஆயின. பெரிய துப்பாக்கிக்கு இடம் வேண்டுமல்லவா? ஆகையால் விமானி அறைக்கு முன்னுள்ள மூடி புடைத்துக்கொண்டது. அந்தப் புடைப்பைக் கண்டால் அது ஏ-7 அல்லது அதற்குப் பிந்தியது எனக் கொள்ளலாம்.

நீண்ட மூக்கு

உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. சுமார் 6,000 மீட்டருக்கு மேல் பி.எம்.டபிள்யூ. எஞ்சின் தளர்ந்தது. எதிரிகளின் குண்டுவீச்சு விமானங்களோ அதற்கும் மேலே பறந்து வந்தன. எனவே 1944-இல் வந்த டி-9 வகையில் யுங்கர்ஸ் யூமோ 213 எஞ்சினைப் பொருத்தினார்கள். இதில் 12 சிலிண்டர்கள் இரண்டு வரிசைகளில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திரவம் அவற்றைக் குளிர்வித்தது. இதனால் மூக்கு நீண்டது. வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரை வளையமாக முன்னால் வைத்ததால் முகப்பு மட்டும் வட்டமாகவே இருந்தது. ஏமாற வேண்டாம்! பக்கவாட்டில் பாருங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு புகைக் குழாய்கள் வரிசையாக இருந்தால் அது டி-9.

மூக்கு நீண்டால் விமானத்தின் சமநிலை கெடும். அதைச் சரிசெய்ய, வாலுக்கு முன்னால் 50 செ.மீ. நீளமுள்ள துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். செங்குத்து வாலையும் பெரிதாக்கினார்கள். விசையின் தூரம் கூடினால் திருப்புத்திறன் கூடும் என்று நெம்புகோல் பாடத்தில் படித்ததுதான் இது. மாதிரியில் அந்தத் துண்டு சுமார் 7 மி.மீ. இருக்க வேண்டும். மூக்கை மட்டும் மாற்றி வாலை விட்டுவிட்டால் அது டி-9 ஆகாது.

இந்தியாவில் டாங்க்

போருக்குப் பின் அர்ஜென்டினா சென்ற டாங்க், 1956-இல் இந்தியா வந்தார். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் பொறியாளர்களுடன் சேர்ந்து எச்.எஃப்.-24 மாருத் விமானத்தை வடிவமைத்தார். முதலில் மரத்தால் முழு அளவுக் கிளைடர் ஒன்றைச் செய்து, 1959-இல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஜெட் எஞ்சின்களுடன் மாருத் 1961 ஜூன் 17-இல் பறந்தது; ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ்.

இங்கும் எஞ்சின்தான் தலைவிதியை எழுதியது. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தை எண்ணி வரைந்த விமானம் அது. அதற்கென எதிர்பார்த்த பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் கைவிடப்பட்டது. உந்துவிசை குறைந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைக் கொண்டே பறக்க வேண்டியதாயிற்று. எகிப்தில் உருவான எஞ்சின் ஒன்றையும் சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. எஞ்சினின் உந்துவிசையைப் பெருக்கும் சோதனை ஒன்றில் 1970 ஜனவரி 10-இல் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். 1971 போரில் மாருத் தரைத் தாக்குதலில் நன்கு பணியாற்றியது. ஆனால் எண்ணிய வேகத்தை அது ஒருநாளும் எட்டவில்லை. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1990-க்குள் அவை ஓய்வு பெற்றன.

மாருத்தில் வகை காண்பது எளிது. ஓர் இருக்கை இருந்தால் அது போர் விமானம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருந்தால் பயிற்சி விமானம். பின்னதில் ராக்கெட்டுப் பெட்டி இருந்த இடத்தை இரண்டாவது இருக்கை பிடித்துக்கொண்டது.

டாங்கின் இரு விமானங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் வேறு எஞ்சின் கிடைத்தது. உடலையே மாற்றிப் பொருத்தினார்கள். மற்றதில் உடல் தயாராக இருந்தது. ஏற்ற எஞ்சின் வரவில்லை. இன்று நம் தேஜஸ் பறப்பது அமெரிக்க எஞ்சினால். நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி ஓடுவது 1,400 குதிரைத்திறனுள்ள ஜெர்மானிய எஞ்சினால். விமானத்தின் உருவத்தைத் தாளில் வரைந்துவிடலாம். அதற்குள் துடிக்கும் இதயத்தைச் செய்யப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். இன்று மாதிரிகள் செய்யும் மாணவர்களுக்கு அந்தப் பணி காத்திருக்கிறது.