குறுணிக்கு எண் உண்டு, விசை இல்லை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பியவன் 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் இராஜராஜன். அங்கே நாயன்மார் சிற்பங்களுக்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அக்காலக் கல்லெழுத்தில் மெய்க்குப் புள்ளி வைப்பது அரிது. காற்புள்ளி, முற்றுப்புள்ளிக்குப் பேச்சே இல்லை. இதைப் பார்த்துவிட்டு, தமிழில் குறி என்பதே அச்சோடு வந்த ஐரோப்பியச் சரக்கு என்று முடிவு கட்டுவது எளிது. அது பாதிதான் உண்மை. வாக்கியத்தை நறுக்கும் குறிகள் அப்படி வந்தவை. ஆனால் கணக்கெழுதியவர் கையில் வேறொரு குறிக்கூட்டம் இருந்தது: நெல், குறுணி, பதக்கு, முக்குறுணி, குழி, வேலி, நன்செய், புன்செய், செலவு, மொத்தம் எனத் தனித்தனி வடிவங்கள். எழுதியது முடிந்தது என்று காட்டவும் ஒரு குறி.

இவை கணினிக்கு வந்த கதை தாமதத்தின் கதை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் கணினியில் தனி எண் தருகிற யூனிகோடு தரத்தின், 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழும் ஆர்மீனியமும் இருந்தன. ஆர்மீனிய முற்றுக்குறி நம் கண்ணுக்கு முக்காற்புள்ளிபோலத்தான் தெரியும். ஆனாலும் அதற்குத் தனி எண் கிடைத்தது. நமக்கு நாள், மாதம், வருடம், பற்று, வரவு முதலிய குறிகள் 2003இல்தான் வந்தன. மற்ற 51 குறிகளும் 2019 மார்ச்சில், 12ஆம் பதிப்பில் சேர்ந்தன. அவற்றில் 50 பின்னங்களும் அளவைகளும் கணக்குக் குறிகளும்; அதன்பின் 13 இடங்களைக் காலியாக விட்டு, இக்குறிகளுக்கு ஒதுக்கிய தொகுதியின் கடைசி இடமான 73727இல் முடிவுக்குறியை வைத்திருக்கிறார்கள்.

எண் கிடைத்ததும் குறி பிழைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. குறியை வாழவைப்பது எழுதும் கருவி. 1999இன் தமிழ்99 விசைப்பலகையில் இந்த 51 குறிகளுக்கு இடமில்லை. லிப்ரே ஆபீசில் 11எஃப்எஃப்எஃப் என்ற பதினாறடிமான எண்ணை ஆங்கில எழுத்தில் அடித்து, ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தினால் முடிவுக்குறி வரும். நோட்டோபோன்ற எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டம்தான் வரும். ஆர்மீனியருக்கோ அவர்களுடைய குறிகள் விசைப்பலகையிலேயே இருக்கின்றன.

1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக்கு வழிவிட்ட பிறகு குறுணியை யார் அடிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். கல்வெட்டும் ஓலையும் பதிப்பிக்கிறவர்கள் அடிப்பார்கள். சொல்லாக விரித்து எழுதினால் போதாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. விரித்தெழுதியது பதிப்பாசிரியரின் வாசிப்பு. மூலத்தில் இருந்தது குறி. வாசிப்பு தவறாக இருந்தால் பின்னால் வருபவர் எதை வைத்துத் திருத்துவார்? சோழர் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று பகுத்து, முந்திரிக்கும் கீழே இறங்குகின்றன. முந்திரி 1/320, கீழ் முந்திரி 1/1,02,400. இதைத் தசமத்தில் 0.000009765625 என்று எழுதினால் விடை சரிதான். ஆனால் கணக்கன் பகுத்த முறை மறைந்துபோகிறது.

ஐம்பதுக்கு மேற்பட்ட குறிகளை விசைப்பலகையில் திணிக்க முடியாது என்ற ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திணிக்கவும் வேண்டாம். சிரிப்பு என்று அடித்தால் சிரித்த முகத்தை நீட்டுகிற கைபேசி, குறுணி என்று அடித்தால் அதன் குறியையும் நீட்டலாம். தமிழ் உள்ளீட்டுச் செயலி செய்பவர்கள் அடுத்த பதிப்பில் இந்த 51 குறிகளையும் சேர்த்துவிட வேண்டும்.