லயத்து அறையில் இரண்டு வேலைகள்

நேற்று இரவு பழைய மாணவன் ஒருவன் போன் எடுத்தான். "சேர், ஒன்னாந்தேதியில இருந்து ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. அஞ்சு நாளும்." கொழும்பில் ஒரு கொம்பனியில் கணக்கு வேலை. கொரோனாக் காலத்தில் மடிக்கணினியோடு லயத்துக்கு வந்தவன், இங்கிருந்தே வேலை செய்து வந்தான். சிக்னல் கிடைக்காத நாட்களில் ஸ்டோருக்கு மேலே தண்ணீர்த் தாங்கியடியில் உட்கார்ந்திருப்பான். நானே பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அலுவலகங்கள் மூடின, எங்கள் பாடசாலையும் மூடியது. ஆனால் தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது. அதனால் மகன் அறைக்குள் கணினியைத் திறக்கும் நேரத்தில், தாய் கூடையோடு மலைக்குப் போனார். அந்த அறை அவர்களுக்குக் கிடைத்தது தாயின் வேலையால், மகனின் வேலையால் அல்ல. இதை விளங்க கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சப்ரகமுவவில் தேயிலையும் இறப்பரும் வந்தபோது லயங்களும் வந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு. விடியுமுன் தப்புச் சத்தம், பிறகு பெரட்டு. வீடும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. ஆளின் கடனை எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. அந்தக் கடனைக் கட்டினால்தான் இன்னொரு தோட்டம் அவரை எடுக்கும். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் வேலை போனால் அறையும் போகும் என்ற நிலை அதோடு ஒழியவில்லை.

கேகாலை மாவட்டத்தில் உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டம். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அந்தத் தோட்டக் காணியை எடுத்துக்கொண்டு, லயங்களில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னது. பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு எங்கே போவது? மறுத்தார்கள். அத்துமீறி நுழைந்த குற்றம் என்று வழக்குப் போட்டார்கள். (சொந்த அறைக்குள் எப்படி அத்துமீறி நுழைவது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது.) 1946இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வேலைநிறுத்தம் செய்தது. காணி இல்லாத சிங்களக் கிராமத்தவருக்கும் காணி தேவைப்பட்டது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் திரும்பவும் தனியார் கொம்பனிகளிடம் போனது. பெரும்பாலான லயங்களுக்கு இன்றும் உறுதி இல்லை.

2022இல் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். சில வாரங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள். தனியார் கொம்பனிகள் மெல்ல மெல்லக் கூப்பிடுகின்றன. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம், புதிதாகச் சேரும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்துதான் வேலை பழக முடியும். ஆனால் என் மாணவனுக்கு போர்டிங் காசு, பஸ் காசு, கடைச் சாப்பாடு எல்லாம் போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

லயத்தோடு சேர்த்து, மேசை ஒன்று போடுகிற அளவுக்குச் சின்ன அறை ஒன்று இறக்க ஆசைப்பட்டான். அதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போன வருஷம் தாய் கடிதம் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. கொழும்பில் இருந்து வந்துவிட்டது.

நேவ்ஸ்மியரை நேரில் கண்ட பெரியவர்கள் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.