நஸ்ரீன் முகமதியின் கோடுகள்

1981இல் பம்பாயிலும் தில்லியிலும் நடந்த ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ கண்காட்சி, மனித உருவங்களையும் அன்றாட வாழ்வின் கதைகளையும் இந்திய ஓவியத்தின் நடுவே மீண்டும் நிறுத்த முயன்றது. அதில் பங்கேற்ற பூபேன் காக்கரும் குலாம் முகம்மது ஷேக்கும் வாழ்ந்த அதே பரோடாவில், மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் 1972 முதல் கற்பித்துவந்த நஸ்ரீன் முகமதியோ உருவம், கதை, வண்ணம் மூன்றையும் விலக்கிவிட்டு வெறும் கோடுகளை வரைந்துகொண்டிருந்தார்.

1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனிலும் பாரிஸிலும் பயின்ற அவரை, வடிவங்களை மிகக் குறைத்துக்கொள்ளும் ‘மினிமலிசம்’ என்ற போக்கில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1960களின் அமெரிக்காவில் டொனால்ட் ஜட் முதலானோர், கைத்தடமே தெரியாதபடி பட்டறைகளில் உலோகப் பெட்டிகளைச் செய்வித்தனர். நஸ்ரீன் பென்சிலும் மையும் கொண்டு ஒவ்வொரு கோட்டையும் தாமே இழுத்தார். நெருங்கிப் பார்த்தால், இணையாகச் செல்லும் நுண்கோடுகள் ஓரிடத்தில் அடர்ந்து, வேறோரிடத்தில் மெலிந்து, தாளின் விளிம்பைத் தொடாமலே நின்றுவிடுவது தெரியும். பிற்காலத் தாள்களில் சில சாய்கோடுகளே எஞ்ச, மற்றதெல்லாம் வெண்மையாகக் கிடக்கிறது.

உடலியக்கத்தின் மீதான கட்டுப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பறித்த நரம்பு நோய் பீடித்த பிறகும், பொறியாளர்கள் கையாளும் வரைபலகையையும் நுண்முனைப் பேனாவையும் துணைகொண்டு, பிசிறில்லாத கோடுகளை அவர் வரைந்தார். நாட்குறிப்பேடுகளிலும் எழுதியவற்றின் மீதே பட்டைக்கோடுகளை இழுத்து, சில சொற்களை மட்டும் வெளியே விட்டுவைத்தார். தனிமையையும் நலிவையும் வாய்விட்டுச் சொல்லாத இக்கலையை நோயின் பதிவேடாக வாசிப்பது எளிது, ஆனால் பிழையானது. நடுங்கும் உடலுக்கும் நேரான கோட்டுக்கும் இடையிலான தொலைவை அவருடைய ஒழுங்கு எப்படிக் கடந்தது என்பதே ஆராயத்தக்கது.

1990இல் மகாராஷ்டிரக் கடலோரக் கிஹீமில் அவர் மறைந்தார். 2016இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் தன் தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்றை அவருக்கு அளித்தபோது, உலகக் கவனம் அவர்மீது குவிந்தது. எனினும் தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தலைப்போ தேதியோ இடாததால், கட்டங்களிலிருந்து சாய்கோட்டுக்கும், அதிலிருந்து வெண்மைக்கும் நகர்ந்ததாக இன்று காட்டப்படும் கால வரிசை, பெருமளவுக்குப் பாணியை வைத்து ஆய்வாளர்கள் அமைத்ததேயாகும்.