ஓரிலைத்தாமரை: தோல் மண்டலத்து மலைகளில் காணாமையை எப்படிப் படிப்பது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் சுற்றுச்சூழலைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாலாறு. அதற்குக் காரணம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்திருக்கிறது. கிணற்று நீர் உவர்த்துப்போன ஊர்களின் துயரம் எவ்வளவு எழுதினாலும் தீராது. ஆனால் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதன் தெற்கே எழும் ஏலகிரியையும் ஜவ்வாதையும் நாம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. டேனரிக் கழிவு மலையேறாது. ஆகவே மலைக்குத் தோல் தொழிலோடு தொடர்பில்லை என்ற எண்ணம் ஆய்வுகளில் சொல்லாமலே தங்கிவிட்டது.

அந்த எண்ணத்தை ஒரு சிறு செடியைக் கொண்டு இக்கட்டுரை மறுக்கிறது. தோல் சந்தை இந்த மலைக்காட்டை எந்தப் பொருளுக்காக, எந்த மாதத்தில் பார்க்கப் பழக்கியதோ, அதே பார்வையைத்தான் பிறகு வந்த கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் வாங்கிக்கொண்டன என்பது என் வாதம். அந்தப் பார்வைக்குள் அடங்காத ஓர் ஆர்க்கிட் ‘இல்லை’ என்றோ ‘அரிது’ என்றோ எழுதப்பட்டால், அச்சொல் செடியின் நிலையைவிட நாம் நடந்த காலத்தையே அதிகம் காட்டும்.

செடி, ஓரிலைத்தாமரை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பாங்கான காடுகளில், சருகு மண்டிய நிழல் நிலத்தில் வாழும் ஆர்க்கிட். தாவரவியலார் நெர்விலியா என்பார்கள். பிரெஞ்சுக் கடற்பயணம் ஒன்றில் சேகரித்த செடியைக் கொண்டு கொதிசோ 1829-ல் இப்பேரினத்தை நிறுவினார். நம்முடைய நூல்களில் நெர்விலியா அரகோவானா என்று வழங்கிய இனம் இன்று நெர்விலியா கன்கலர் என்ற பெயருக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. தாவரவியலார் ஹூக்கரின் காலத்தில் அது போகோனியா. நெர்விலியா என்ற சொல் இலையின் நரம்பைக் குறிப்பது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன் வாழ்க்கை முறை வியப்பானது. ஆண்டின் பெரும்பகுதி அது மண்ணுக்கடியில் ஒரு சிறு வெண்கிழங்கு, அவ்வளவுதான். சித்திரை, வைகாசியில் முதல் கோடை மழை இறங்கி மண் மணக்கும்போது, இலையே இல்லாத மொட்டைத் தண்டு ஒன்று சருகை விலக்கி எழும். அதில் பசுமஞ்சள் பூக்கள் சில தலை கவிழ்ந்து தொங்கும். சில நாள்களில் வாடிவிடும். காய் பிடித்த தண்டு இன்னும் நீண்டு, விதையைக் காற்றில் விட்டுச் சாயும். அதன் பிறகுதான் இலை வருகிறது. ஒரே இலை. ஓலை விசிறியைப் பாதி விரித்தாற்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். காம்பு வந்து சேரும் இடத்திலிருந்து நரம்புகள் கதிர்போல விளிம்புக்கு ஓடும். ஒவ்வொரு நரம்பும் ஒரு மடிப்பின் முகடு. மழை பெய்த மறுநாள் அந்த மடிப்புகளின் பள்ளத்தில் தண்ணீர் கோடு கோடாக நிற்கும். விரலால் தொட்டால் உருண்டு காம்பின் அடிக்கு வந்து மண்ணில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகைக்குள் அந்த இலையும் மஞ்சளித்து மறைந்துவிடுகிறது. பூவும் இலையும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

வடபுலத்துக் குளிர்காடுகளில் இதற்கு ஓர் உறவு உண்டு. ஊசியிலை மரங்களின் அடியில், பாசி மெத்தையில் வாழும் கலிப்சோ பல்போசா. கிழங்கு ஒன்று, இலை ஒன்று, பூ ஒன்று. உயரம் ஒரு சாண் இருந்தால் அதிகம். லின்னேயஸ் 1753-லேயே பெயரிட்டுவிட்ட செடி. தேன் வைக்காமலே, குளிர்காலம் கழிந்து முதன்முதல் வெளிவரும் அனுபவமற்ற ராணி வண்டுத்தேனீக்களை ஏமாற்றி மகரந்தம் கடத்திக்கொள்ளும். ஜான் மியூர் 1864-ல் கனடாவின் சதுப்புக்காட்டில் இந்தப் பூவைத் தனியே கண்டு, அருகில் உட்கார்ந்து அழுததாக எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நாள்காட்டி தலைகீழாகத் தெரிகிறது. கலிப்சோவின் இலை இலையுதிர்காலத்தில் முளைத்துப் பனிக்கடியிலேயே பச்சையாக இருந்து, வசந்தத்தில் பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடையில் வாடும். கடுங்காலத்தை அது இலையோடு கடக்கிறது. ஓரிலைத்தாமரையோ கடுங்காலமான வறண்ட மாதங்களை ஒன்றுமில்லாமல் கடக்கிறது. வடக்கில் பனி மூடியிருந்தாலும் இலை இருக்கிறது. இங்கே தை முதல் பங்குனி வரை எந்தக் கண்ணுக்கும் அகப்பட எதுவும் இல்லை.

பெயரும் இதையே சொல்கிறது. வடபுலத்துச் செடிக்குப் பெயர் தந்தது பூவின் அழகு. கிரேக்கக் கதையின் மறைந்து வாழும் தேவதையின் பெயர் அது. தமிழ்ப் பெயர் இலையைச் சொல்கிறது. ஒற்றையாகக் காம்பின்மேல் நிற்கும் வட்டத் தகட்டைத் தாமரையிலையோடு ஒப்பிட்டவர் மழைக்காலத்தில் காட்டில் நடந்தவராகவே இருக்க வேண்டும். பூவை அவர் பார்த்திருந்தாலும் அதையும் இதையும் ஒரே செடி என்று இணைக்கக் காரணமில்லை. இந்தப் பெயரை ஓரிதழ்த்தாமரையோடு குழப்புவது வழக்கமாகிவிட்டது. அது வேறு செடி: வயல் வரப்பிலும் புல்தரையிலும் வளர்வது, இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் இதழ் மட்டும் பெரிதாக விரிந்திருக்கும் பூவை உடையது, ஆர்க்கிட் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஓரிரு எழுத்து வேறுபாட்டில் இலையும் இதழும் இடம் மாறிவிடுகின்றன. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு, வந்த பொருளை வைத்து ஒரு செடியின் பரவலைப் பேசும் கட்டுரைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

இனி தோலுக்கு வருவோம். குரோமியம் வருமுன் இந்த மண்டலத்தின் தோல், பட்டையால் பதப்பட்டது. ஆவாரங்கொத்தை வெட்டிவந்து கட்டையால் தட்டி உரித்த பட்டையைத் தொட்டியில் ஊறவிட்டு, தோலை அதில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். ஆவாரம் ஏறிய தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்க் கரைசல். மதராஸிலிருந்து கப்பலேறிய அரைப்பதத் தோலின் பெயருக்குப் பின்னால் இந்த இரண்டும் இருந்தன. ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். ஆனால் இப்பகுதி முழுக்க அது பரவியது சீதாராமையா குழுவின் 1972 அறிக்கைக்குப் பிறகு, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோதுதான். பாலாற்றின் துயரத்தில் பெரும்பகுதி அதன் பிறகு எழுதப்பட்டது.

ஆவாரம் சமவெளியிலும் அடிவாரத்திலும் வளர்வது; ஓரிலைத்தாமரையின் நிழல்காட்டுக்கும் அதற்கும் இடவுறவு இல்லை. பட்டை உரித்ததால் ஆர்க்கிட் அழிந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. என் கவனம் கடுக்காயில் இருக்கிறது. அது மலைமரம். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கிக் கீழே இறக்கிய காட்டுப்பொருள்களில் ஒன்று. கடுக்காய் முற்றி உதிர்வது மழை ஓய்ந்த பிறகு, பனிக்காலத்தை ஒட்டி. அதாவது, சந்தை மனிதர்களைக் காட்டுக்குள் அனுப்பி, தரையைக் கண்ணூன்றிப் பார்க்கவைத்த அதே வாரங்களில் ஓரிலைத்தாமரையின் இலை மறைந்துவிட்டிருக்கும். சந்தனமும் அப்படியே, திருப்பத்தூரின் சந்தனக் கிடங்கு இந்த மலைகளை மரமாகவும் எடையாகவும் எழுதி வைத்தது. குத்தகை ஏலம், கிடங்குப் பதிவேடு, எடைச்சீட்டு ஆகிய மூன்றிலும் இடம்பெற ஒரு செடிக்கு எடை வேண்டும். இதற்கு அது இல்லை.

தாவரவியலார் இந்தக் குறையை நிரப்பியிருக்கலாம். கேம்பிள் தொடங்கிய மதராஸ் மாகாணத் தாவர நூலில் ஆர்க்கிடுகளை 1928-ல் பிஷர் எழுதினார். பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து கே. எம். மேத்யூ, தமிழகக் கர்நாடகப் பகுதி முழுவதையும் நடந்து சேகரித்து, 1981 முதல் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் உலர்தாவரக மரபே பூவை மையமாகக் கொண்டது. பூவோ காயோ இல்லாத தாள் அரைத் தாள். ஓரிலைத்தாமரையைப் பூவில் எடுத்தால் தாளில் இலை இராது. இலையில் எடுத்தால் எந்த நெர்விலியா என்று உறுதியாகச் சொல்வது கடினம். முழுமையான தாளை இயற்கையே தருவதில்லை.

மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிடுகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ராக்ஸ்பரோ 1795-ல் படத்தோடு வெளியிட்ட வந்தா டெசலாட்டா, சமவெளியின் மாமரத்திலும் புளியமரத்திலும்கூட வாழும்; அதன் தோல்போன்ற இலை ஆண்டு முழுவதும் இருக்கும். மார்கழியில் போனாலும் ‘இருக்கிறது’ என்று எழுதலாம். ஒரு மலையின் பட்டியலில் மரவாழ் ஆர்க்கிடுகள் மிகுந்தும் நிலவாழ் ஆர்க்கிடுகள் குறைந்தும் தென்பட்டால், சூழலியல் காரணம் தேடுமுன் பயண நாட்குறிப்பைத் தேட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மேலே தெரியாவிட்டால் என்ன, கிழங்கு பத்திரமாகத்தானே கிடக்கிறது? கிடக்கவில்லை. ஆர்க்கிட் விதை தூசிக்குச் சமம். முளைக்க அதனிடம் சேமிப்பு உணவு இல்லை. பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும் என்பதை நோயல் பெர்னார் 1899-ல் பிரான்சின் ஃபோந்தேன்புளோ காட்டில், நியோட்டியா என்ற இன்னொரு வடபுலத்து ஆர்க்கிடின் நாற்றுகளில் கண்டார். அந்தப் பூஞ்சைக்குச் சருகும் மட்கும் ஈரமும் வேண்டும். மாசி, பங்குனியில் தரைத்தீ ஓடினால், உண்ணிச்செடி மூடினால், தோட்டத்துக்கும் விடுதிக்கும் சருகு வழித்துத் தரை சமன்படுத்தினால், அழிவது நம் கண்ணில் இல்லாத செடி. இல்லாததாக எழுதப்பட்ட இடத்தில் எதை இழந்தோம் என்று கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். ஏலகிரியைப் போன்று ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட மலையில் இது இன்றைய கேள்வி.

1996 தீர்ப்பு முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டத்தில் பதித்தது: அறிவியல் உறுதி இன்னும் வரவில்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, கேடில்லை என்று காட்டும் பொறுப்பு மாற்றத்தைக் கொண்டுவருபவருடையது. ஆற்றுக்காக எழுதப்பட்ட இந்த வரையறையை ஆற்றின் மேலுள்ள மலைக்கும் நீட்டுவது நியாயம் என்று கருதுகிறேன். ‘இங்கே இல்லை’ என்பவர், பூக்கும் வாரத்திலும் இலைக்காலத்திலும் நடந்து பார்த்தேன் என்று காட்ட வேண்டும். ஒரே ஆண்டு போதாது. நிலவாழ் ஆர்க்கிடுகள் பல, ஓராண்டு மேலே வராமலே கிழங்காகக் கிடந்துவிடும்.

செய்முறை எளிது. ஆடி, ஆவணியில் முதல் நடை. அப்போது மலையில் சாமைக்குக் களையெடுப்பு நடக்கும். காட்டோரத்தில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் பெண்களிடம் செடியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், மடிப்பு விசிறிபோன்ற ஒற்றை இலையைப் படமாகக் காட்டிக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பெயரை, அது எதுவாயினும், அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது; ஆண்டு முழுமைக்கும் அந்தக் கிழங்குக்குச் சோறு அந்த ஒரே இலை. பக்கத்தில் எண்ணிட்ட ஆணியை அறைந்து, இலைகளை எண்ணிவிட்டுத் திரும்பலாம். அடுத்த சித்திரையில் முதல் மழை பெய்த செய்தி மலையிலிருந்து வந்ததும் அதே ஆணிகளைத் தேடிப் போக வேண்டும். அப்போது தரையில் இலை இராது. ஆணிக்கு அருகில் மொட்டைத் தண்டு நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.